பட்ட மரத்துக்கான ரம்பம்

– இது வேண்டாம் தாயி. கீழ வை.

– ஏன், நல்லாத்தானே இருக்கு? கைக்கு அடக்கமா இருக்கு.

– அடக்கமா இருக்கும். ரோஜாச் செடி வெட்டுறவங்க வாங்குற சாமான் அது. கோடையில பிரான்ஸ்லேர்ந்து லீவுக்கு வர்றவங்க ஆசையா வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் அது ஆணியில தொங்கித் துருப்பிடிக்கும். நீ எந்த மரத்துக்குன்னு இன்னும் சொல்லவே இல்லையே ஜெஜிகா.

– கிளை வெட்டணும் மெசியான் அண்ணே. கவாத்து ரம்பம் ஒண்ணு குடுங்க. அவ்வளவுதான்.

– கிளை வெட்டத்தான்னு தெரியுது. மீன் நறுக்கவா ரம்பம் வாங்க வந்திருப்ப? என்ன மரம், என்ன தடிமன், தரையில நின்னு வெட்டுறதா ஏணியில ஏறி வெட்டுறதா, பச்சையா பட்டதா. இதெல்லாம் கேக்காம இந்தக் கடையிலேர்ந்து ஒரு ரம்பம் வெளிய போனதில்ல. எங்கப்பா காலத்துலேர்ந்தே அப்படித்தான்.

– ஆஸ்பத்திரியில கூட இவ்வளவு கேள்வி கேக்கறதில்ல. ஆலிவ் மரம். என் தொடை தடிமன் இருக்கும். ஏணியில ஏறித்தான் வெட்டணும்.

– கடைசிக் கேள்விக்குப் பதில் வரலையே.

– பட்டது.

– ம்.

– என்ன ம்?

– அந்தக் கிளையா?

– அந்தக் கிளைதான். எனக்கு வேற எந்தக் கிளை இருக்கு?

– உக்காரு தாயி. காப்பி ஊத்துறேன்.

– உக்கார நேரமில்லண்ணே. சந்தை நாள், மேல போற பஸ் ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கே வெட்டிடணும். நாளைக்குன்னு விட்டா எனக்கு மனசு வராது.

– பொறு, பொறு. மனசு வராத வேலையை என்னத்துக்கு இன்னைக்கே செய்யணும்? பஸ்காரன் இன்னும் கசாப்புக் கடையில நின்னு அரசியல் பேசிட்டு இருக்கான். அவன் பேசி முடிக்கிறதுக்குள்ள நீ மூணு காப்பி குடிக்கலாம். இந்தா. சர்க்கரை போட்டிருக்கு.

– உங்களுக்குப் பொழுது போகணும், அதுக்கு நான்தான் கிடைச்சேன்.

– ஆமா, போகணும். உங்க ஊர்ல உன்னை விட்டா என் கேள்விக்கு எதிர்க் கேள்வி கேக்க யார் இருக்கா? இந்த வளைஞ்ச ரம்பத்தை எடு. அந்தக் கட்டை மேல வச்சு இழு. தள்ளாதே. இழுக்கறப்பதான் இது வெட்டும், போறப்ப சும்மா போகணும். தள்ளினா தகடு வளைஞ்சிடும்.

– வெட்டுதே. வெண்ணெய் மாதிரி போகுது.

– போகும். அந்தக் கட்டை நேத்து வெட்டுன பச்சைக் கட்டை. இப்ப பக்கத்துல இருக்குதே, அடுப்புக்குக் காய வச்சது, அதுல வை.

– இதுல குதிக்குது. பிடிச்சுக்குது பாருங்க, வர மாட்டேங்குது.

– கையை எடு, கையை எடு. விரலு போயிடும். இப்பப் பல்லைப் பாரு. பெரிய பெரிய பல்லு, ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம்னு அகலமா விரிஞ்சு இருக்கா? பச்சை மரத்துக்கு அதான் சரி. ஈரத்தூளை வாரி வெளிய தள்ளிட்டே போகும். பட்ட மரத்துல, அதுவும் நெருப்புல வெந்த ஆலிவுல, இந்தப் பல்லு மாட்டிக்கும். நீ ஏணி மேல நின்னு வேகமா இழுப்ப. அது டக்குனு விடும். நீ கீழ கிடப்ப.

– அப்ப பட்ட மரத்துக்கு எது?

– பொடிப் பல்லு. நெருக்கமா, சீப்பு மாதிரி இருக்கும். மெதுவாத்தான் போகும், ஆனா பிடிக்காது.

– அதைக் குடுங்க.

– இருந்தது.

– இருந்ததுன்னா?

– காலைல கதவைத் திறக்குறப்பவே வித்துப் போச்சு. ஒண்ணுதான் வச்சிருந்தேன். நம்ம பக்கத்துல பட்ட மரத்தை யார் ரம்பம் வச்சு வெட்டுறா? கோடாலியால பொளக்குறாங்க. அதனால நான் நிறைய வாங்கறதில்ல.

– யார் வாங்கிட்டுப் போனது?

– வாங்குறவன் வாங்கிட்டுப் போனான். சந்தை நாள்ல எல்லாரையும் ஞாபகம் வச்சுக்க முடியுமா? மதியம் திசி ஊசூ டவுன்லேர்ந்து லாரி வரும். அதுல வரச் சொல்றேன். அதுவரைக்கும் இரு.

– மதியம் வரைக்குமா? முடியாதுண்ணே. இந்தப் பச்சை மரத்து ரம்பமே போதும். கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கறேன். விழுந்தா விழறேன்.

– விழுந்தா விழறியா? நல்லா இருக்கு பேச்சு. ஆள் வச்சு வெட்டலாமில்ல? உங்க ஊர்ல கவாத்துக்குப் போறவனுங்க இல்லையா?

– எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தனும் வர மாட்டேங்கிறான். உங்க குடும்ப மரத்துல நாங்க கை வைக்க மாட்டோம்னுட்டாங்க. ஒரு மரம், மூணு பேர் கிளை. நான் வெட்டச் சொல்லி வெட்டுவான், ரம்பம் கொஞ்சம் வழுக்கி என் தம்பி கிளையில பட்டா போதும், கிளைக்குக் கிளைன்னு ஊர்ச் சபை கூடும். கூலிக்கு வந்தவன் கிளைக்கு எங்க போவான்?

– அதுவும் சரிதான். சபை அதுல ஈவு இரக்கம் பாக்காது. எங்க ஊர்ல ஓமர் இருந்தானே, ஞாபகம் இருக்கா? கோணவாய் ஓமர்.

– அந்த அத்திமரக் கதையா?

– அதேதான். கல்லு வீட்டுக்காரனும் இவனும் ஒரே அத்தி மரத்துல பங்கு. பனிக்காலத்துல அடுப்பு எரிக்க ஒரு காய்ஞ்ச கொம்பை ஒடிச்சுட்டான். ஒடிச்சது கல்லு வீட்டுக்காரன் கொம்பு. இவன் சொன்னான், ஐயா, அது செத்த கொம்பு, அதுல அத்தி காய்ச்சு வருசக்கணக்கா ஆச்சுன்னு. சபை என்ன சொல்லுச்சு தெரியுமா? பட்டதா பச்சையான்னு நாங்க பாக்கறதில்ல, தெரிஞ்சு ஒடிச்சியா தெரியாம ஒடிச்சியான்னும் பாக்கறதில்ல, ஒடிச்சவன் தன் கிளையைக் குடுக்கணும், அவ்வளவுதான்னு சொல்லிடுச்சு. ஓமரோட நல்ல கிளை போச்சு. அதுலேர்ந்து சாகுற வரைக்கும் அவன் அத்திப்பழத்தைத் தொடல.

– பழத்து மேல என்ன கோபம்?

– கோபத்துக்கு எங்கயாவது இடம் வேணுமில்ல. சபை மேல கோபப்பட முடியுமா? இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?

– வேண்டாம். அண்ணே, நான் ஒண்ணு கேக்கறேன். நான் இதை வெட்டினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்தானே?

– தெரியும் தாயி. அதான் உன்கிட்டக் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கேன்.

– எங்கப்பா என்னைச் சபைக்கு முன்னாடி நிறுத்திச் சொன்னாரு. புருசன் வீட்டுலேர்ந்து ஒரு பொட்டியோட வந்து நின்னேன். பிள்ளை இல்லைன்னு அனுப்பிட்டான். நம்ம பக்கத்துல பொண்ணுக்கு நிலமும் கிடையாது மரமும் கிடையாது. எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம். அப்பா அன்னைக்கு எல்லாரையும் மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயிக் கையைக் காட்டினாரு. பள்ளத்தைப் பாத்த கிளை என் மக ஜெஜிகாவுக்கு. இது மரத்துல நிக்கிற வரைக்கும் இதோட காய் அவளுக்கு. யாரும் வாய் திறக்கல.

– நானும் அன்னைக்கு அங்க இருந்தேன். உங்கப்பாவுக்கு நல்ல குரல்.

– நிக்கிற வரைக்கும்னு சொன்னாரு. ஆலிவ் கிளை விழும்னு அந்த மனுசன் நினைச்சிருக்க மாட்டாரு. அவருக்கு முன்னாடி நாலு தலைமுறையா நின்ன மரம். அந்தக் கோடையில மலையே எரியும்னு யார் கண்டா?

– எவனும் காணல.

– நான் ஈரச் சாக்கை எடுத்துக்கிட்டு மரத்துக்குப் போயிட்டேன். அடிச்சு அணைச்சிடலாம்னு ஒரு நினைப்பு. தம்பி அக்லி ஓடி வந்து என் இடுப்பைப் பிடிச்சு மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போனான். விடுடா விடுடான்னு அவன் முதுகெல்லாம் அடிச்சேன். விடல. திரும்பிப் பாக்கறேன், நெருப்பு பள்ளத்துலேர்ந்து ஏறி வருது. என் கிளைதான் முதல்ல. அவன் கிளை மலைப் பக்கம், தப்பிச்சுடுச்சு. லூனிஸ் அண்ணன் கிளை பாதி வெந்து இப்ப மறுபடி இலை விட்டுடுச்சு. என்னோடது மட்டும் கரிக்கட்டையா நிக்குது.

– நின்னாலும் நிக்குது இல்ல. நிக்கிற வரைக்கும்னுதானே உங்கப்பா சொன்னாரு. நிக்கட்டுமே.

– அப்படித்தான் ரெண்டு வருசமா நிக்க வச்சேன். என் கிளையில காய் இல்லைன்னாலும் பறிக்கிற அன்னைக்கு என்னையும் கூப்பிடுவாங்க. காய் உதிர்ந்து விழ மரத்தடியில வலை விரிக்கிறப்ப ஒரு முனையை நான் பிடிப்பேன். மத்தியானம் எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிடறப்ப என் பக்கத்துல ஒரு கரண்டி இருக்கும். அது போதும்னு இருந்தேன் அண்ணே. இப்ப கிளை பிரியுற இடத்துல மாவு மாதிரி கொட்டுது.

– வண்டா?

– வண்டு. பட்ட கட்டையில புகுந்து தண்டுக்கு இறங்கிட்டிருக்கு. இன்னும் ஒரு கோடை விட்டா மரமே போயிடும். அக்லி பிள்ளைங்களுக்கு எண்ணெய் அதுலேர்ந்துதான். அப்பா நட்ட மரம் இல்ல அது, அப்பாவோட தாத்தாவுக்குத் தாத்தா நட்டது. என் ஒரு கரண்டிக்காக அதைக் கொல்லட்டுமா?

– இதைச் சபையில சொன்னியா?

– சபையில என்னை எங்க பேச விட்டாங்க? அக்லி எழுந்து நின்னு சொன்னான், அவ கிளையை அவ வெட்டட்டும், மரம் செத்தா யார் பதில் சொல்றதுன்னு. எல்லார் முன்னாடியும். நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். இடுப்புல தூக்கி வளர்த்த பிள்ளை அண்ணே அவன். அம்மா வயல்ல இருக்கிறப்ப ஊத்துத் தண்ணி ஒரு கையிலயும் அவன் ஒரு கையிலயுமா ஏறி வந்திருக்கேன்.

– அவன் சொன்னதுல பொய் இல்லையே. மரம் சாகும்தானே?

– பொய் இல்ல. அதான் வலிக்குது. அதுக்கு அப்புறமாச்சும், அக்கா, நீ வெட்டு, நான் உனக்கு என் கிளையில ஒரு கொப்பு தர்றேன்னு சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டான். பிரான்ஸ்ல மார்செய்லேர்ந்து பெரியவர் லூனிஸ் போன்ல பேசினாரே, சபைக்கே கேக்கிற மாதிரி சத்தமா வச்சு. பொம்பளைக்கு ஒரு தடவை குடுத்தா நாளைக்கு ஊர்ல எல்லாப் பொண்ணும் கேக்கும், அக்லி, அவளுக்கு ஒரு இலை கூடக் குடுக்க மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணுன்னு. இவனும் பண்ணினான். அப்பா பேர்ல.

– லூனிஸ் வயசுல மூத்தவன். தட்ட முடியுமா?

– அவருக்கு அங்க எண்ணெய் கடையில கிடைக்குது. பாட்டில்ல. மேல ஒட்டுன படத்துல ஆலிவ் மரம் இருக்கும், அதைப் பாத்துக்கலாம். விடுங்கண்ணே. அன்னையிலேர்ந்து அக்லியும் நானும் பேசறதில்ல. ஒரே முற்றம். ஒரே கதவு. அவன் வர்றான்னா நான் போவேன், நான் வர்றேன்னா அவன் போவான்.

– பொம்பளை நீ ஏணி ஏறப் போறன்னு அவனுக்குத் தெரியுமா?

– நேத்து ஊத்துல அவன் பொண்டாட்டி வர்தியாகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்குச் சந்தையில ரம்பம் வாங்கிட்டு வந்து வெட்டுறேன், உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு, சந்தோசமா இருக்கச் சொல்லுன்னு. அவ அழுதுட்டா. நான்தான் அவளைத் தேத்தினேன். பாருங்க கூத்தை.

– அப்ப அவனுக்கு ராத்திரியே தெரியும்.

– தெரிஞ்சா என்ன? நிம்மதியாத் தூங்கியிருப்பான். அந்த வளைஞ்ச ரம்பத்தைக் கட்டிக் குடுங்க. இனி நான் உக்கார மாட்டேன்.

– பொறு, பொறு. கைப்பிடியைப் பாக்க வேண்டாமா? இது ஆம்பளைக் கைக்குச் செஞ்சது. உன் கையைக் காட்டு. இதோ, கடைசி விரல் எங்க போய் நிக்குது பாரு. வழுக்கும். துணி சுத்தித் தர்றேன். கத்தரிக்கோல் எங்க வச்சேன்.

– கண்ணு முன்னாடி இருக்கு.

– ஆமா. வயசாச்சு. ரொம்ப இறுக்கமாச் சுத்தக் கூடாது, அப்புறம் கை மரத்துடும். இன்னொரு விசயம். மேலேர்ந்து வெட்டாதே. முதல்ல அடியில ஒரு வெட்டு, அப்புறம் மேல. இல்லைன்னா கிளை விழறப்ப பட்டையை உரிச்சுக்கிட்டே போகும். கிளை பிரியுற இடத்துல மடிப்பு மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், அதைத் தொடவே கூடாது. அதுலேர்ந்துதான் புதுத் தளிர் வரும்.

– தளிர் வந்தா எனக்கு என்ன? அது தண்டுலேர்ந்து வர்றது. தண்டு ஆம்பளைங்களுக்கு.

– இருந்தாலும் சொல்லணும்.

– சொல்லிட்டீங்க. போதும். என்ன அப்படி வாசலையே பாக்கறீங்க? காலையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க.

– வியாபாரி வாசலைப் பாக்காம வேற எதைப் பாப்பான்? வா அக்லி. வாசல்லயே நிக்காதே. உள்ள வா.

– வர்றதுக்கு ஒண்ணும் இல்ல. ரம்பத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் போறேன். இந்தச் சாக்குல சுத்தி இருக்கு. இங்க வைக்கிறேன்.

– மூஞ்சியெல்லாம் என்னடா கரி? அடுப்புக்குள்ள தலையை விட்டியா?

– மூடுபனி.

– மூடுபனியில கரி படியுமா?

– மெசியான் அண்ணே, கேள்வி கேக்காதீங்க. எனக்கு இன்னைக்கு நாளே சரியில்ல. ஒரு தப்பு நடந்துபோச்சு. அங்க நிக்குதே அதுகிட்டச் சொல்லிடுங்க.

– அது உன் அக்கா. காது நல்லாத்தான் கேக்குது. நீயே சொல்லு.

– நீங்க சொல்லுங்க. காலையில நான் என் கிளையைக் கவாத்துப் பண்ணப் போனேன். மலை முழுக்கப் பனி, கை நீட்டினா விரல் தெரியல. மரத்துக்கு அடியில எல்லாப் பக்கமும் ஒரே கரிதானே. ஏணியை எந்தப் பக்கம் சாய்ச்சேன்னு பாக்கல. ஏறினேன், வெட்டினேன். விழுந்ததுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது.

– என்ன தெரிஞ்சது?

– என்கிட்டக் கேக்க வேண்டாம்னு சொல்லுங்க.

– நான்தான் கேக்கறேன். என்னடா தெரிஞ்சது? என் கிளையை வெட்டிட்டியா? நான் வெட்டுறேன்னு சொல்லியனுப்பினேன். ஒரே ஒரு நாள். ஒரு நாள் உனக்குப் பொறுக்கலையா? அந்தக் கிளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டலாம்னு இருந்தேனே. அதையும் பிடுங்கிட்டியா?

– ஜெஜிகா, உக்காரு.

– உக்கார மாட்டேன். அப்பா கை காட்டின கிளைடா அது. அதை இறக்குறதுன்னா என் கையால இறக்கியிருப்பேன்.

– அதுகிட்டச் சொல்லுங்க மெசியான் அண்ணே, கத்த வேண்டாம்னு. பெலாயித் பாத்துட்டாரு. கிளைக்குக் கிளைன்னு சொல்லிட்டாரு.

– யாரு, சபைத் தலைவர் பெலாயிதா? அவர் எப்படி அங்க வந்தாரு?

– ஏணி பிடிக்க ஆள் வேணும்னு கூப்பிட்டேன்.

– சபைத் தலைவரை? ஏணி பிடிக்க?

– பக்கத்துல அவர்தான் இருந்தாரு. அவரும் பனியில பாக்கல போல. கீழ விழுந்ததும் பாத்தாரு. இது உன் அக்கா கிளையாச்சே, விதி விதிதான், உன் கிளை இனிமே அவளுதுன்னாரு. நாளைக்குச் சபையில எல்லாருக்கும் சொல்லிடுவாரு. நான் என்ன பண்ண முடியும்?

– உன் கிளையா? மலைப் பக்கத்துக் கிளையா? காய்க்கிற கிளையா?

– வேற எது இருக்கு எனக்கு? அதான்.

– ஐயோ மடையா. உன் பிள்ளைங்க எண்ணெய்க்கு என்ன பண்ணுவ?

– தண்டுலேர்ந்து தளிர் வரும். அடியில பச்சை இருக்கு, பாத்தேன். மடிப்பைத் தொடாமத்தான் வெட்டியிருக்கேன். வண்டு இன்னும் தண்டுக்குள்ள போகல.

– தளிர் வளர்ந்து காய்க்கிறதுக்குள்ள உன் மகன் தாடி வச்சிடுவான்.

– வச்சுக்கட்டும். சின்ன வயசுல நாங்க மட்டும் எண்ணெயிலயா குளிச்சோம்?

– எனக்கு வேண்டாம். பனியில கண்ணு தெரியாம ஒருத்தன் பண்ணின தப்புக்குப் பிள்ளைங்க வாயிலேர்ந்து பிடுங்கித் தின்ன மாட்டேன். சபையில சொல்லிடறேன், எனக்கு வேண்டாம்னு.

– வேண்டாம்னு சொல்ல அதுக்கு உரிமை இல்ல. விதி அப்படி. வாங்கித்தான் ஆகணும். மெசியான் அண்ணே, நீங்களே சொல்லுங்க, ஓமர் விசயத்துல கல்லு வீட்டுக்காரன் வேண்டாம்னு சொன்னப்ப சபை விட்டுச்சா?

– விடல. அதுவும் உண்மைதான்.

– மார்செய்க்கு என்னடா பதில் சொல்லுவ? ஒரு இலை கூடக் குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே.

– நான் எங்க குடுத்தேன்? குடுத்தேன்னு யாராச்சும் சொன்னா பல்லை உடைப்பேன். இது தண்டம். தப்பு பண்ணினவன் கட்டுறான். பெரியவருக்குச் சத்தியம் பண்ணினது பண்ணினதுதான். நாளைக்கு அவர் போன் பண்ணினாலும் இதையே சொல்வேன். கோபம் வந்தா பெலாயித் மேல வரட்டும்.

– அக்லி.

– அப்புறம் காய் பறிக்கிற அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்து நிக்கணும். தன் கிளைக்குத் தானே வலை விரிக்கணும். நான் விரிக்க மாட்டேன். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல இனிமே. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா வருவேன்.

– டேய், என் மூஞ்சியைப் பாத்துப் பேசுடா.

– என்னத்தைப் பாக்கறது? டீசல் போடணும், நேரமாச்சு. பஸ் போயிடுச்சு, வழியில பாத்தேன். வண்டி எதிர்ல நிக்குது. முன் சீட்டுல வெங்காய மூட்டை இருக்கு, பின்னாடி தள்ளிட்டு ஏறிக்கோ அக்கா.

– என்ன சொன்ன?

– வெங்காயத்தைத் தள்ளிட்டு ஏறிக்கோன்னு சொன்னேன். நான் வர்றேன் மெசியான் அண்ணே.

– போயிட்டு வா. கரியைக் கழுவு. வர்தியா பயந்துடுவா.

– போயிட்டான்.

– போயிட்டான் தாயி. நீ உக்காரு. இப்பவாச்சும் உக்காரு.

– அக்கான்னு கூப்பிட்டான், கேட்டீங்களா?

– கேட்டேன்.

– அந்தச் சபைக்கு அப்புறம் இன்னைக்குத்தான். மடையன். பொறந்ததுலேர்ந்து ஏறி இறங்குற மரம். குழந்தையில தொட்டில் கட்டினதே அந்த மலைப் பக்கத்துக் கிளையில. அதைப் போய் மாத்திட்டான். கண்ணைக் கட்டி விட்டாலும் எனக்குத் தெரியும் எது என்னோடதுன்னு. எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியல அண்ணே. அவன் முட்டாள்தனத்துல எனக்கு ஒரு கிளை கிடைச்சிருக்கு. சந்தோசப்பட்டா பாவமா?

– சந்தோசப்படு. பாவமெல்லாம் நான் ஏத்துக்கறேன்.

– அந்த வளைஞ்ச ரம்பத்தை எடுத்து வச்சுடுங்க. இனிமே எனக்கு அது எதுக்கு. அவன் விட்டுட்டுப் போன ரம்பம் இருக்குதே, அதையே எடுத்துட்டுப் போறேன். பனிக்காலம் முடியுறதுக்குள்ள என் கிளைக்குக் கவாத்துப் பண்ணணும். அதான் இப்ப என் கிளைன்னு சொல்லிக்கலாமே.

– சொல்லிக்கலாம். ஆனா அந்த ரம்பம் உனக்கு ஆகாது. உன்னுது பச்சைக் கிளை. நான் துணி சுத்துன இதையே எடுத்துட்டுப் போ.

– ஏன் ஆகாது? அவனும் பச்சைக் கிளைக்குன்னுதானே வாங்கிட்டுப் போனான்?

– சாக்கைப் பிரி தாயி. பல்லைப் பாரு.

– பொடியா, நெருக்கமா இருக்கு. சீப்பு மாதிரி.

– காலைல நான் கதவைத் திறக்குறதுக்கு முன்னாடியே வந்து நின்னான். வளைஞ்சதை எடுத்துக் குடுத்தேன், வேண்டாம்னு தள்ளிட்டான். உன்கிட்டக் கேட்ட கேள்வியெல்லாம் அவன்கிட்டயும் கேட்டேன் ஜெஜிகா. பச்சையா பட்டதான்னு கேட்டப்ப, யோசிக்கவே இல்ல, பட்டதுன்னான்.